ஒரு முழம் முன்னால்

எது நகர்ந்தாலும் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கிணற்றடியில் யார் கையிலிருந்தாவது செம்பு நழுவி உருண்டால் மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். அவர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அது உருண்டு, சரிந்து, தன்னைத்தானே சுற்றி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். அடங்கிய பிறகுதான் குனிந்து எடுத்துக் கொடுப்பார்.

"அவசரப்பட்டுப் புடிச்சா அது எங்க நிக்க இருந்துச்சுன்னு தெரியாமப் போயிடுமே" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

நான் அப்போது கும்பகோணத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. இருபத்து மூன்று வயது. தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து, காவிரிக்கு இரண்டு சந்து தள்ளி, ஆறு குடித்தனங்கள் ஒரே கிணற்றைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு வரிசை வீட்டில் குடியேறியிருந்தேன். அடுத்த வீடு அவருடையது. நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அவர் ஒரு தனியார் கம்பெனியில் பஸ் டிரைவர். சுவாமிமலை வழியாகத் திருவையாறு போகும் தடத்தில் பதினாறு வருஷம் ஓட்டியவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று எனக்கே தோன்றுகிறது. ஏனென்று கடைசியில் தெரியும்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த அக்கா அதிகம் பேசமாட்டார். அவரும் அப்படித்தான். ஆனால் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் பேசுவார். அவர் வண்டி வருகிறது என்றால் சுவாமிமலை நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் முன்கூட்டியே ஓர் இடத்தில் வரிசையாக நின்றுவிடுவார்கள். படிக்கட்டு அங்கேதான் வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் நானும் அதில் போனேன். பக்கத்தில் ஒரு கிழவர் டம்ளர் நிறையக் காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எப்படிண்ணே?" என்று இறங்கும்போது கேட்டேன்.

"பிரேக்கை மிதிக்கிறது தோத்துப்போறது மாதிரி டீச்சர். அரை பர்லாங்கு முன்னாடியே காலை எடுத்துட்டா வண்டி தானா வந்து நிக்கும். நிக்கணும்னு அதுக்கும் ஆசைதான்."

பதினாறு வருஷத்தில் அவர் ஒரே ஒரு முறைதான் பிரேக்கை முழுக்க மிதித்தார்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. டீக்கடைக்கு டீக்கடை மேடைப் பேச்சு ஒலித்துக்கொண்டிருந்தது. தனியார் பஸ்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஒரு பக்கம் வதந்தி. இன்னொரு பக்கம் வயலில் தகராறு. ஒவ்வொரு அறுவடைக்கும் ஏதாவது ஓர் ஊரில் செங்கொடி நட்டு வேலையை நிறுத்துவார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவார்கள், போலீஸ் வேன் வந்து வாய்க்கால் மதகில் நிற்கும். அந்தத் தை மாதம் அவருடைய தடத்தில் இருந்த ஓர் ஊரில் அது நடந்தது. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டிருந்தார்கள். மிராசுதார் தரமாட்டேன் என்று வெளியாட்களை வைத்து அறுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் களத்தை மறித்தார்கள். களத்தில் போரடிக்க முடியாததால் மிராசுதார் விடிவதற்கு முன்பே அறுத்த நெல் தாளையெல்லாம் தார் ரோட்டில் கொண்டுவந்து பரப்பச் சொன்னார். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து நெல் உதிரட்டும் என்று. அந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம்தான். ஆனால் அன்று கடும் பனி. தாள் நனைந்து சோப்புப் போல் கிடந்தது. உதிர்ந்த நெல்லை வண்டி கட்டி எடுத்துப் போகவிடாமல் தடுக்க, தாள் பரப்பின் மறுகோடியில் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் டிரிப்பாக அவருடைய பஸ் திருப்பம் தாண்டி வந்தது. பனிக்குள்ளிருந்து அவர் பெண்களைப் பார்த்தார். ஹாரன் அடித்தார், பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றுவிட்டன. பஸ் நிற்கவில்லை. நனைந்த தாள்மேல் நேராகச் சறுக்கிக்கொண்டே போயிற்று. எதிரே பெண்கள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். மூக்கு வலப்புறம் திரும்ப, பின்புறம் இடப்புறமாக வீசி, பஸ் சுற்றிக்கொண்டே சறுக்கியது. வாய்க்கால் ஓரமாக ஓடி ஒதுங்கி நின்ற ஒருத்தியைப் பஸ்ஸின் பின்பக்கம் இடித்தது. இடித்துவிட்டு ஒரு முழ தூரம் நகர்ந்து நின்றது.

அவள் பெயர் அஞ்சலை. பஸ்ஸில் இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ் முதலில் அவர்மேல்தான் கேஸ் எழுதியது. செங்கொடிச் சங்கத்தார் மறியல் செய்தார்கள், எம்.எல்.ஏ. வந்து பார்த்தார், பேப்பரில் வந்தது. பிறகு பொது ரோட்டில் தாளைப் பரப்பி உயிர்ச் சேதம் உண்டாக்கியதாக மிராசுதார்மேல் வழக்குப் போட்டார்கள். இவரைச் சாட்சியாக மாற்றினார்கள். தாள்மேல் வண்டி வழுக்கிவிட்டது, டிரைவர் கையில் ஒன்றும் இல்லை என்று கம்பெனியும் சொல்லியது, சங்கமும் சொல்லியது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பாரும் அவர் நிரபராதி என்பதில் ஒத்துப்போனார்கள். வழக்கு முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் கம்பெனி சொல்லி வைத்திருந்தது.

ஒரு நாள் மாலை நான் பள்ளிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கிணற்றடிக்கு வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். ஒரு பொருள் நேரா சறுக்கிப்போவுது. இன்னொண்ணு அதே வேகத்துல, ஆனா சுத்திக்கிட்டே சறுக்குது. எது முன்னாடி நிக்கும்?"

நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டும் ஒண்ணுதாண்ணே. உராய்வு எடையைப் பொறுத்தது, தரை எப்படியிருக்குங்கறதைப் பொறுத்தது. சுத்துதா சுத்தலையாங்கறது கணக்கிலேயே வராது."

"புஸ்தகத்துல அப்படி இருக்கா?"

"இருக்கு. நான் பத்தாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்தறேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார். பல நாள் சுமந்ததை இறக்கி வைத்தவர்போல மூச்சு விட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். மறுநாள் அவர் முகம் மழித்திருந்தார். வெகு நாள் கழித்து அந்த வீட்டில் மீன் குழம்பு வாசனை வந்தது. அக்கா ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் கொடுத்தனுப்பினார்.

அது மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள் சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

முதலில் ஒரு தட்டல். பிறகு தரையில் உலோகம் இழுபடுகிற 'சர்ர்ர்' என்ற ஓசை. அது மெலிந்து மெலிந்து, கடைசியில் இல்லாமலே போய்விடும். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி தட்டல். நான் பள்ளியிலிருந்து வந்தால் விளக்கு வைக்கும் வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதும் கேட்கும். அம்மா ஜெபம் செய்ய உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள்.

"அந்த வீட்டுல என்னமோ அழுவுதுடி" என்றாள்.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்து கூப்பிட்டார். "டீச்சர், அவரு உங்களைப் பாக்கணும்கிறாரு. வந்து பாத்துட்டு, அவரு நினைக்கிறது தப்புன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

கூடத்தில் இருந்த சாமான்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டிக் கோடுகள். ஒரு பக்கம் இரண்டு செங்கல். பக்கத்தில் ஒரு மரச் சட்டம். இரண்டு எவர்சில்வர் தட்டுகள், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, அவர்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தவை. முதலில் கையால் தள்ளிப் பார்த்தாராம். கை ஒரே மாதிரி தள்ளுமா என்று அவருக்கே சந்தேகம். அதனால் இப்படிச் செய்திருந்தார். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னாலிருந்து சட்டத்தால் தள்ளிக்கொண்டே வருவார். செங்கலில் மோதிச் சட்டம் நின்றுவிடும். தட்டுகள் இரண்டும் ஒரே வேகத்தில் முன்னால் சறுக்கிப் போகும். ஒன்று நேராக. மற்றொன்றை மட்டும், சட்டம் தட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஒரு கை சுற்றிவிட வேண்டும்.

அந்தக் கை அக்காவுடையது. அவர் தட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்களால் தட்டைச் சுற்றிவிட்டார். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இழுத்துக்கொண்டு வரப்பட்டவள்போல இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம்.

தட்டல். சர்ர்ர். நேராகப் போன தட்டு நின்றது. சுற்றிக்கொண்டு போனது அதைத் தாண்டி இன்னும் போய், சுற்றுவது மெலிந்து, நின்றது. இடையில் ஒரு முழத்துக்கு மேலேயே இருந்தது.

"இன்னொரு தடவை" என்றேன்.

இருபது முறை பார்த்தோம். தட்டை மாற்றிப் பார்த்தோம். இடத்தை மாற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சுற்றிப் போனதுதான் அதிக தூரம் போயிற்று.

"இன்னொண்ணும் கவனிச்சீங்களா டீச்சர்? சுத்துறது முதல்ல நிக்கும், அப்புறம் கொஞ்ச தூரம் சறுக்கிட்டு நிக்கும்னு நினைச்சேன். இல்லேன்னா சறுக்குறது நின்னு ஒரே இடத்துல சுத்தும்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை. வேகமா சுத்திவிட்டாலும் லேசா சுத்திவிட்டாலும் ரெண்டும் ஒரே நேரத்துலதான் நிக்குது."

அன்று வீட்டுக்கு வந்து காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தட்டு நேராகச் சறுக்கும்போது அதன் அடியில் எல்லாப் புள்ளிகளிலும் உராய்வு ஒரே திசையில், நேர் பின்னோக்கி இழுக்கிறது. சுற்றிக்கொண்டே சறுக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு திசையில் தேய்கிறது. உராய்வின் பலத்தில் ஒரு பங்கு சுழற்சியை அடக்கப் போய்விடுகிறது. சறுக்கலைப் பிடித்து நிறுத்த மிச்சம்தான் கிடைக்கிறது. சறுக்கல், சுழற்சி இரண்டில் எது மிஞ்சுகிறதோ அதை உராய்வு அதிகம் பிடிக்கிறது. அதனால் ஒன்று தீர்ந்து மற்றொன்று மட்டும் மீதியாக நிற்பதில்லை. நான் அவரிடம் சொன்னது தப்பு. உராய்வின் அளவு மாறுவதில்லை என்பது வரை சரி. அதன் திசையை நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு இவ்வளவும் தெரியாது. தப்பென்று மட்டும் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு தட்டு இல்லைண்ணே" என்றேன். "பஸ்ஸுக்குச் சக்கரம் இருக்கு, எடை முன்னாடி பின்னாடி மாறும், தாள் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"தெரியும் டீச்சர். ஆனா எங்கிட்ட இருக்கிறது தட்டுதானே." அவர் சுற்றிப் போன தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அது நின்ற இடத்துக்கும் நேராகப் போனது நின்ற இடத்துக்கும் நடுவே கையை விரித்து வைத்தார். "நான் ஒடிக்காம இருந்திருந்தா சுத்தியிருக்காது. சுத்தாம இருந்திருந்தா இவ்வளவு முன்னாடி நின்னிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு முழம்தான்."

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

அந்த வாரமெல்லாம் அவர் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்க கோயில்ல செஞ்ச தப்பைச் சொன்னா மன்னிச்சு விட்டுடுவாங்களாமே?"

"சாமியார்கிட்ட தனியா போய்ச் சொல்றது வேற சபைண்ணே. எங்க சபையில எல்லாரும் சேர்ந்து மொத்தமா பாவ அறிக்கை சொல்லுவோம்."

"மொத்தமா சொன்னா யாரு எதைச் செஞ்சாங்கன்னு தெரியாதே" என்றார். அவருக்கு அது சரிப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அஞ்சலையின் வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். அக்கா பயந்துபோய் என்னைத் துணைக்குப் போகச் சொன்னார். நான் கூடப் போனால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பஸ்ஸில் அவர் டிரைவர் பக்கம் போகவே இல்லை. கடைசி இருக்கையில், கால்களைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தைத் தாண்டும்போது நான் வெளியே பார்த்தேன். அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்க்காலுக்கு அப்பால், மூங்கில் பாலத்தைக் கடந்து போனால் அந்தத் தெரு. அஞ்சலையின் கணவர் வாசலில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களை உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பனி, பிரேக், ஸ்டியரிங்கை ஒடித்தது, தட்டுகள், ஒரு முழம். ஒன்றையும் குறைக்கவில்லை. பேசும்போது குரல் நடுங்கவில்லை. கைகள் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல மூடி மூடித் திறந்தன.

அவர் முடிக்கும் வரை அந்த மனிதர் கீற்றை விடவில்லை. முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"உங்ககிட்டதானே சொல்லணும்."

"எம் பொண்டாட்டி ரோட்டுல உக்காந்தது அரை மரக்கால் நெல்லுக்கு. அவளைக் கொன்னது அந்தத் தாளைப் பரப்பினவன்னு நினைச்சுக்கிட்டுத்தான் தினமும் எந்திரிக்கிறேன். அந்த நினைப்புலதான் கொடியைத் தூக்கிட்டு நிக்கிறேன். இப்ப நீங்க வந்து, இல்ல, ஒரு சுத்து சுத்தினதுல போயிட்டாங்கறீங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க எறக்கி வச்சிட்டுப் போயிடுவீங்க. நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அந்த மனிதர் கீற்றை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"தாள் இல்லேன்னா நீங்க பிரேக்கே போட வேண்டியதில்லை. அதுவும் நெசந்தானே?"

"நெசந்தான்."

"அப்ப கோர்ட்டுல அதைச் சொல்லுங்க. மத்ததை யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவளுக்காக இல்ல. அந்த ரோட்டுல இன்னும் பத்துப் பேரு உக்காந்திருந்தாங்க, அவங்களுக்காக."

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் அவர் நின்றார். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. விழுந்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். "டீச்சர், நான் பொய் சொன்னதில்ல" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. தனக்கு நீச்சல் தெரியாது என்று ஒருவர் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்கவில்லை. அக்கா தரையில் இருந்த கோடுகளையெல்லாம் கழுவிவிட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆசிரியைகள் ஓய்வறையில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், தட்டுகளைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். அது அஞ்சலை வீட்டுக்குப் போவதற்கு முன்பு. என் பக்கத்து வீட்டு டிரைவர் எவ்வளவு புத்திசாலி, செங்கல்லும் சட்டமும் வைத்து எப்படிச் சோதித்தார் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டித்தான் சொன்னேன். கணக்கு டீச்சர் மிகவும் ஆர்வமாகக் கேட்டாள், இரண்டு மூன்று கேள்விகூடக் கேட்டாள். அவள் கணவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அந்த வக்கீல் யாருக்காக வாதாடுகிறார் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

வழக்கு நாளன்று லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். கூட்டம் அதிகம். ஒரு பக்கம் அந்த ஊர்ப் பெண்கள், அவர்களுக்கு முன்னால் அஞ்சலையின் கணவர். மறுபக்கம் வெள்ளை வேட்டி சட்டையில் மிராசுதாரும் அவருடைய ஆட்களும். இவர் கூண்டில் ஏறினார். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னார். தாள் நனைந்திருந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை.

பிறகு மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க ஸ்டியரிங்கை ஒடிச்சதாலதான் வண்டி சுத்திச்சு. சுத்தினதாலதான் கூடுதலா தூரம் போச்சு. இது உங்களுக்கே தெரியும். சரிதானே?"

"வண்டி தாள்மேல வழுக்கிச்சுங்க."

"அதைக் கேக்கலை. வீட்டுல செங்கல்லை வச்சு, ரெண்டு தட்டை விட்டு, சோதிச்சுப் பார்த்தீங்களாமே? ஒண்ணைச் சுத்திவிட்டு, ஒண்ணை நேரா விட்டு?"

அவர் வக்கீலைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்க்கவில்லை. கூட்டத்தின்மேல் கண்களை ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் என்னிடம் வந்ததும் அந்தக் கண்கள் நின்றன. தட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்த அஞ்சலையின் கணவர் வாயைத் திறந்திருக்கமாட்டார். அவற்றைப் பார்த்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"தட்டுங்களா?" என்றார் வக்கீலிடம் திரும்பி. "எங்க வீட்டுல தட்டு சோறு திங்கத்தாங்க வச்சிருக்கோம்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். வக்கீல் மறுபடி ஏதோ கேட்க முயன்றார். இவர் அதையே இன்னும் மெதுவாக, ஒன்றும் தெரியாதவர்போலச் சொன்னார். பஸ் ஓட்டுகிறவனுக்கு அதெல்லாம் என்னங்க தெரியும் என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு நன்றாகச் சொன்னார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். சிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே அஞ்சலையின் கணவர் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மிராசுதாருக்குத் தண்டனை கிடைத்தது. சிறியதுதான், அதையும் மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அடுத்த அறுவடைக்கு அந்த ஊரில் அரை மரக்கால் கூடக் கொடுத்தார்கள். ரோட்டில் தாள் பரப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கம்பெனி அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. லைசென்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு மண்டியில் மூட்டை தைக்கிற வேலையில் சேர்ந்தார். நான் மறு வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு போகும் வரை அடுத்த வீட்டில்தான் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

கேட்டது ஒன்றே ஒன்றுதான். தீர்ப்பு நாளில் அல்ல, அவர் சாட்சி சொன்ன அன்றைக்கே. கூட்டம் கலைந்த பிறகு கோர்ட்டு வாசலில், வேப்பமரத்தடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஸ்கூலுக்கு லீவு போட்டீங்களா டீச்சர்?"

"ஆமாண்ணே."

"பாவம், ஒரு நாள் லீவு வீணாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, வெயிலில் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.